கழுதையா, வெண்ணெயா?

வெண்கரைப் பட்டினத்து மன்னர் வேங்கைமாறனிடம் பொன்னுரங்கம் என்று ஒரு துபாஷி இருந்தார். கப்பலில் வருகிறவர்கள் பேசுவதை மன்னருக்குத் தமிழில் சொல்வது அவர் வேலை. சூதுவாது தெரியாத மனுஷர்.

ஒருநாள் இத்தாலிக்காரர் பியேத்ரோ, தன் ஊர்ச் சமையலைச் செய்து காட்டுகிறேன் என்று அரண்மனை மடைப்பள்ளிக்குள் புகுந்தார். "புர்ரோ வேண்டும்" என்றார். ஸ்பெயின் வியாபாரி தியேகோவோடு பேசிப் பழகிய பொன்னுரங்கம், இதென்ன சமையலோ என்று யோசித்துக்கொண்டே ஒரு கழுதையை ஓட்டிவந்து அடுப்படியில் நிறுத்திவிட்டார்!

"ஐயோ, நான் கேட்டது வெண்ணெய்! எங்கள் பாஷையில் புர்ரோ என்றால் அதுதான்!" என்று பியேத்ரோ தலையில் அடித்துக்கொண்டார்.

"எங்கள் ஸ்பெயினில் புர்ரோ என்றால் கழுதைதான். வெண்ணெயாம், வெண்ணெய்!" என்று சத்தம் கேட்டு வந்த தியேகோ மீசையை முறுக்கினார்.

சண்டை சபைக்கு வந்தது. அமைச்சர் கார்மேகத்துக்கு வாயெல்லாம் பல். "துபாஷியை மாற்றிவிடலாம் மகாராஜா. என் மச்சினன் சும்மாதான் இருக்கிறான்."

மன்னர் யோசித்தார். "பொன்னுரங்கம், என் சபையில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். விருந்தாளிகள் இருவர் முகமும் கோணக் கூடாது. நாளைக்குள் முடித்து வையும். இல்லாவிட்டால் உம் வேலை அந்த மச்சினனுக்கு."

பொன்னுரங்கத்துக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. சாமி விளக்கின் முன் உட்கார்ந்து, "அப்பனே, நீதான் வழிகாட்ட வேண்டும்" என்று கைகூப்பினார். அந்த நேரம் பார்த்து, கொல்லையில் மனைவி ஆட்டை விரட்டினாள். "சூ! சூ! பலகாரத்தை இலையோட தின்னுட்டியே, பாழாப்போன ஆடே!"

பொன்னுரங்கம் கண்ணைத் திறந்தார். சிரித்துவிட்டார்.

மறுநாள் சபைக்கு அதே கழுதையோடு வந்தார். கையில் வாழையிலை, அதன்மேல் வெண்ணெய் உருண்டை.

"மகாராஜா, இதுவும் புர்ரோ, அதுவும் புர்ரோ. இரண்டும் தங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்" என்று இலையைக் கழுதையின் முன் வைத்தார்.

கழுதை யோசிக்கவே இல்லை. இலையோடு வெண்ணெயை மென்று விழுங்கிவிட்டு, காதை ஆட்டியது.

"இப்போது ஒரே புர்ரோதான், மகாராஜா!"

"கழுதைதானே நிற்கிறது!" என்று தியேகோ துள்ளினார். பியேத்ரோ விடவில்லை. "நிற்கட்டுமே. உள்ளே இருப்பது எங்கள் வெண்ணெய்!" இருவருக்கும் வாய்கொள்ளாச் சிரிப்பு.

கார்மேகத்துக்குத்தான் பொறுக்கவில்லை. "இது ஏமாற்று! வெண்ணெய் போனது போனதுதானே?"

"எங்கே போகும் அமைச்சரே? பத்திரமாக உள்ளேதான் இருக்கிறது" என்றார் பொன்னுரங்கம்.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிப் பொன்னுரங்கத்தின் கழுத்தில் போட்டார். பிறகு அமைச்சர் பக்கம் திரும்பினார்.

"கார்மேகம், உம் மச்சினன் சும்மாதானே இருக்கிறான்? கழுதைக்குப் பின்னாலேயே நிற்கச் சொல்லும். விருந்தாளியின் வெண்ணெய் எப்போது வெளியே வந்தாலும், கையில் வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்!"