முனியனின் இலை

தவமணி அம்மையின் ஆசிரமத்தில் குருவை விட வயதில் மூத்த சீடர் ஒருவர் உண்டு. பெயர் பொன்னம்பலம். அவர் குருவைத் "தாயே" என்பார், குரு அவரை "ஐயா" என்பார். இதில் இருவருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை.

ஒரு நாள் முற்பகலில் அவர் ஒரு கூடையும் ஒரு டப்பாவுமாக வந்து நின்றார். கூடையில், வீட்டில் செல்லமாக வளர்க்கும் வெளிநாட்டுத் தாடி ஓணான் ஒன்று சுருண்டு கிடந்தது. வளர்கிற வயது. வேலைக்காக வெளிநாடு போன மகள் சிவகாமி, அப்பாவை நம்பி விட்டுப்போனது. முனியன் என்று பெயர்.

"தாயே, இவன் வாடிப் போறான். தலையைக்கூடத் தூக்க மாட்டேங்கிறான்."

"வீடு எப்படி?"

"மக சொன்னபடியே, தாயே. நீளமான பெட்டி. ஒரு மூலையில சூடு விளக்கு, மறு மூலையில நிழல். சூரிய ஒளிக்குன்னு தனி விளக்கு. மணல் வயித்தை அடைச்சுக்கும்னு காகிதம்தான் விரிச்சிருக்கேன். புகை ஆகாதுன்னு அந்தப் பக்கம் ஊதுபத்திகூடக் காட்டறதில்ல."

"சாப்பாடு?"

பொன்னம்பலம் சற்றே நிமிர்ந்தார். "முருங்கைக்கீரை, பரங்கிக்காய். நம்ம வீட்டுக்கு வந்தா சைவம்தான்."

"மக என்ன சொன்னாங்க?"

"வளர்ற பிள்ளைக்குப் பூச்சிதான் முக்கியம்னா. சுவர்க்கோழி வாங்கி வச்சிட்டுப் போனா. பேர்லயே கோழி இருக்கே, தாயே! நான் எப்படிக் கொடுப்பேன்?"

டப்பாவுக்குள் சுவர்க்கோழிகள் ரீங்கரித்தன. மனிதர் அவற்றையும் பட்டினி போட மனமில்லாமல் கேரட் கொடுத்து வளர்த்திருந்தார். பூச்சிகள் கொழுகொழுவென்று இருந்தன. முனியன் எலும்பும் தோலுமாக இருந்தான்.

"சாயங்காலம் சிவகாமி வீடியோ கால்ல வருவா. முனியனைக் காட்டுங்கப்பான்னு கேப்பா. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு..."

அம்மை கூடையை முற்றத்தில் பாதி வெயிலும் பாதி நிழலுமாக இருந்த இடத்தில் வைத்தார்.

சாப்பாட்டு மணி அடித்தது. அங்கேயே பொன்னம்பலத்துக்கு ஓர் இலையைப் போட்டார் அம்மை. சோறு வைக்கவில்லை. டப்பாவைத் திறந்து இலைமேல் மெல்லத் தட்டினார். சுவர்க்கோழி ஒன்று விழுந்து மீசையை ஆட்டியது.

"சாப்பிடுங்க ஐயா."

"சிவ சிவா! என்ன தாயே இது!"

"பசிக்கலையா?"

"பசிச்சே செத்தாலும் இதைத் தொடமாட்டேன்."

"கீரையைப் பார்த்து முனியனும் அதைத்தான் சொல்றான்."

பொன்னம்பலம் இலையைச் சாய்த்துப் பூச்சியை டப்பாவுக்குள் விட்டார்.

"என் கையால ஓர் உயிரைக் கொல்லணுமா?"

"ஓர் உயிர் உங்க கையாலதானே போயிட்டிருக்கு."

அவர் கூடையைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். பிறகு, முனியனின் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை விடச் சின்னதாக ஒரு பூச்சியைத் தேடினார். அதுவும் மகள் சொன்னதுதான். அவள் கொடுத்த சுண்ணாம்புச் சத்துப் பொடியை அதன்மேல் தூவினார். திருநீறு பூசியதுபோல் ஆகிவிட்டது அது. கண்ணை மூடிக்கொண்டு, நமசிவாய என்று முணுமுணுத்துக் கூடைக்குள் விட்டார்.

டப் என்று ஒரு சின்னச் சத்தம்.

கண்ணைத் திறந்தார். பூச்சியைக் காணோம். முனியன் தலையைத் தூக்கி, அடுத்தது எங்கே என்பதுபோல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பொன்னம்பலத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவசர அவசரமாக டப்பாவுக்குள் இன்னொன்றைத் தேடினார்.

அது முடிந்து கை கழுவி வந்தபோது, அம்மை புது இலை போட்டுச் சோறு வைத்திருந்தார். பொன்னம்பலம் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை.

"தாயே, என் சைவ விரதம் போச்சா?"

அம்மை சாம்பாரை ஊற்றினார்.

"உங்க விரதம் உங்க இலையில பத்திரமா இருக்கு, ஐயா. அவன் இலையில எதுக்குத் தேடறீங்க? சாப்பிடுங்க, ஆறிப்போகுது."