ஐஸ் பெட்டியும் நாற்காலிகளும்

ஓர் ஊரில் ஒரு வாடகைக் கடை இருந்தது. அதில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைய இருந்தன. சாமியானா ஒன்று, இறந்தவர்களை வைக்கும் ஐஸ் பெட்டி ஒன்று. நாற்காலிகள் கல்யாணத்துக்கும் போகும், கருமாதிக்கும் போகும். பெட்டிக்குப் போக ஒரே இடம்தான். அதனால் நாற்காலிகள் அதோடு அளவாகத்தான் பேசும்.

கடைக்காரர் தவசிக்கண்ணுக்கு முட்டி தேய்ந்து, பாரம் தூக்க முடியாமல் போயிற்று. மகள் பேச்சித்தாய் சென்னையில் ஒரு ஜவுளிக் கடையில் சேலை விற்றுக்கொண்டிருந்தாள். வேலையை விட்டுவிட்டு வந்து கடைச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

வந்த புதிதில், தாயைப் பறிகொடுத்த ஒருவர் பெட்டி கேட்டு வந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். அவர் கிளம்பும்போது ஜவுளிக் கடைப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "மறுபடியும் வாங்க!"

இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்றுகூடச் சொல்லாத ஊர் அது. சும்மா விடுவார்களா? எதிரே வந்தால் விலகிப் போனார்கள். பக்கத்து வீட்டுப் பால்காய்ப்புக்குக்கூட அவளை அழைக்கவில்லை. பேச ஆளில்லாமல் கடைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

"எல்லாம் இந்தப் பெட்டியால் வந்த வினை," என்றன நாற்காலிகள். "இதைத் தள்ளிவிட்டால் நம்ம பிள்ளையை நாலு பேர் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். எங்களைப் பார், போன இடமெல்லாம் 'வாங்க, உட்காருங்க' என்கிறார்கள்."

"அது உங்கள்மேல் உட்காருகிறவர்களுக்குச் சொன்னது," என்றது பெட்டி.

"பொறாமை!"

பொறாமைதான். பெட்டி மறுக்கவில்லை. அதை வாசலில் கண்டதும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். வேறு வரவேற்பு அதற்குத் தெரியாது.

பேச்சித்தாயும் நாற்காலிகளைப் போலவே நினைத்தாள். பக்கத்து டவுன்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பெட்டியை வாங்கிக்கொள்வதாகப் பேச்சாயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஒரு கல்யாணம். இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டி, பூ வைத்து, அவளும் நாற்காலிகளோடு போனாள். பெண்ணைப் பெற்றவள் வாசலுக்கே வந்து மறித்தாள்.

"சேரெல்லாம் எறக்கியாச்சுல்லா? நீ கெளம்பும்மா. பொண்ணு வெளிய வார நேரம்."

நாற்காலிகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. ஏதாவது சொல்வதற்குள் அவற்றின்மேல் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

மத்தியானம் அடுத்த தெருவில் ஒரு சாவு. பேச்சித்தாய் பூவை எடுத்துப் போட்டுவிட்டுப் பெட்டியைக் கொண்டுபோனாள். சாயங்காலம் வெளியூர் மகன் வந்து சேர்ந்ததும், பாடையில் ஏற்ற ஆட்கள் உள்ளே வந்தார்கள். டவுன்காரர் இந்நேரம் வந்திருப்பார் என்ற நினைப்போடு பேச்சித்தாய் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தாள்.

செத்தவரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புடுங்காத தாயி. பொட்டி இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கட்டும். நீயும் இரு."

ஊருக்கு வந்ததிலிருந்து அவளை யாரும் இரு என்று சொன்னதில்லை. பெட்டியை எந்த ஊரிலும் சொன்னதில்லை. பெட்டியை ஒட்டித் தரையில் உட்கார்ந்து பேச்சித்தாய் வாய்விட்டு அழுதாள்.

கடை வாசலில் டவுன்காரர் இருட்டும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார்.