தாண்டவனை ஏற்ற வந்த வண்டி

எங்கள் மடத்தில் சாமிக்குச் சீடராக வந்து சேர்ந்தபோது மாசிலாமணிக்கு ஐம்பத்தெட்டு வயது. அதற்கு முன் டவுன் பஸ் கண்டக்டர். காவி கட்டிய பிறகும் அந்தக் கண்டக்டர் குரல் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூடத்தில் அசுத்தம் பட்டால் மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தரை காயாமல் பூசை கிடையாது. பூசை முடியாமல் யாருக்கும் சோறு கிடையாது. கழுவுவது மாசிலாமணியின் வேலை.

மடத்து நாய் தாண்டவனுக்குப் பதினாலு வயது. கூடத்துக் கோடியில் சாமியின் கயிற்றுக் கட்டில்; அதற்கடியில் இதன் படுக்கை. அவசரமென்றால் கதவருகே நின்று முனகும். திறந்துவிட்டால் புளியமரத்துக்கு ஓடும். அப்பேர்ப்பட்ட நாய், ஆவணி பிறந்ததும் கட்டிலடியிலேயே நனைக்க ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் நாலு நாள். சாப்பிட வந்தவர்கள் தரை காயட்டும் என்று பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் சாமி, இத்தனை வருஷம் ஒழுங்கா இருந்த நாய்க்குத் திடீர்னு என்ன கேடு?"

"அதான் அவனுக்கும் தெரியல மாசிலாமணி."

"வேணும்னே பண்ணுது சாமி."

"அவன் மூஞ்சியப் பாத்தியா?"

"எனக்குத் தரையப் பாக்கவே பொழுது சரியா இருக்கு."

சாமி சிரித்துவிட்டார். மாசிலாமணி நாயின் தண்ணீர்ச் சட்டியை எடுத்துப் பரண்மேல் வைத்தார். சாமி தன் செம்புத் தண்ணீரை அதற்கு ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை குருபூசை. காலையிலேயே வெளியூர்ச் சனம் வந்து இறங்கியது. கட்டிலடியில் மறுபடியும் ஈரம். மாசிலாமணிக்கு வந்ததே கோபம்!

"வயசாகி அடக்க முடியலேன்னா அதுக்கு இது இடமில்ல. சந்தையில விட்டுடலாம். நாலு கறிக்கடை இருக்கு, பொழச்சுக்கும்."

சாமி கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

காய்கறி இறக்கிவிட்டுச் சந்தைக்குத் திரும்ப இருந்த வண்டியை மாசிலாமணி நிறுத்தினார். தாண்டவனைத் தூக்கிப் பின்னால் வைத்தார். அது காதை மடக்கிக்கொண்டு, வைத்த இடத்திலேயே படுத்துக்கொண்டது. வழியில் குதித்துவிடுமோ என்று கயிறு எடுக்க உள்ளே போனார்.

திரும்பி வந்து பார்த்தால், மடியில் துணிமூட்டையோடு சாமி வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். டிரைவர் கீழே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான். எண்பது தாண்டிய மனுஷன் அவ்வளவு உயரம் எப்படி ஏறினாரோ!

"சாமி, இதென்ன கூத்து? இறங்குங்க!"

"நேத்து வரைக்கும் நனைச்சது இவன். இன்னைக்கு நான்."

மாசிலாமணியின் கையிலிருந்து கயிறு நழுவியது.

"சொல்ல வெக்கமா இருந்துச்சுப்பா. நீ இவனத் திட்டுறதக் கேட்டுக்கிட்டே பேசாம இருந்துட்டேன்." சாமி நாயின் தலையைத் தடவினார். "மன்னிச்சுக்கடா தாண்டவா."

தாண்டவன் அவர் கையை நக்கியது.

"சாமி..." என்றார் மாசிலாமணி. அந்தக் கண்டக்டர் குரலைக் காணோம்.

"வண்டிய எடுக்கச் சொல்லு. ஒண்ணு மட்டும் டிரைவர்கிட்ட சொல்லிடு. கறிக்கடை எனக்கு ஆகாது. பால் கிடைக்கிற பக்கமாப் பாத்து ரெண்டு பேரையும் இறக்கிவிடட்டும்."

மாசிலாமணி வண்டியின் பின்கதவைத் திறந்தார். முதலில் தாண்டவனைத்தான் தூக்கி இறக்கினார்.