கவிழ்ந்து வந்த டம்ளர்

"சாமி, ரெண்டும் பேசிக்க மாட்டேங்குது" என்றாள் அமுதவல்லி.

"எந்த ரெண்டு?"

"பழசும் புதுசும்."

"மாமியாரும் மருமகளுமா?"

"கம்ப்யூட்டருங்க, சாமி."

இளஞ்சாமி கால்களை மடக்கி வசதியாக உட்கார்ந்தார். மாமியார் மருமகளாக இருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடித்திருப்பார்.

பனிக்கரட்டு மலையில் அது மேகம் இறங்கும் காலம். மடத்துக் கதவு திறந்திருந்தால் மேகம் உள்ளே வரும், தூண்களைச் சுற்றும், பின்கதவு வழியாகப் போய்விடும். யாரும் அதை வா என்பதில்லை, போ என்பதுமில்லை.

குருவுக்கு வயது முப்பத்தாறு. சிஷ்யை ஐம்பதைத் தாண்டியவள். அவள் அவரைச் சாமி என்பாள், அவர் அவளை அக்கா என்பார். ஞானத்துக்கெல்லாம் சீனியாரிட்டி பார்த்தால் கட்டுப்படியாகாது.

அமுதவல்லி தன் குறையைச் சொன்னாள்.

கீழே ஊரில் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே கம்ப்யூட்டர் பிரிவு அவள் பொறுப்பு. ரத்த வங்கியில் எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது என்பது ஒரு பழைய புரோகிராமுக்குத்தான் தெரியும். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. எழுதிய மனிதர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். அது தப்பே செய்ததில்லை. ஆனால் யாரோடும் பேசாது.

இந்த வருஷம் நர்சுகளுக்காக ஒரு ஏஐ உதவியாளர் வந்தது. வாயால் கேட்டால் வாயால் பதில் சொல்லும். அடுத்து ஆம்புலன்ஸ்காரர்கள் வேறொன்று கொண்டுவந்தார்கள். லேபுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் அமுதவல்லியே தனித்தனியாக வழி வெட்டினாள், பழைய புரோகிராமின் வயிற்றுக்குள் கையை விட்டு.

"ஒண்ணை இழுத்துக் கட்டினா இன்னொண்ணு அறுந்துடுது, சாமி."

"அறுந்தா என்ன ஆகும்?"



"போன வாரம் ஒரு பொண்ணு. பிரசவத்துல ரத்தம் நிக்கல. ஓ நெகட்டிவ் இருக்கான்னு நர்ஸ் அந்தப் புதுசைக் கேட்டா. 'இரண்டு பை இருக்கிறது, கவலைப்படாதீர்கள்'னு சொல்லுச்சு. ஓடிப்போய் ஃப்ரிட்ஜைத் தொறந்தா ஒரு பை கூட இல்ல. பழசுக்குப் போற வழி அறுந்து கிடந்திருக்கு. புதுசு தானாவே சொல்லியிருக்கு."

"அந்தப் பொண்ணு?"

"பிழைச்சுட்டா. மயிரிழையில."

அன்றிலிருந்து அமுதவல்லிக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் காலி ஃப்ரிட்ஜ் தெரிகிறது. இப்போதைக்கு உதவியாளர்களை நிறுத்தி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை மறுபடி திறந்தாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அடுத்த முறையும் மயிரிழை கிடைக்கும் என்று யார் சொல்ல முடியும்?

"பழசை இடிச்சுட்டுப் புதுசா எழுதட்டுமா? இல்ல, புதுசைத் தூக்கி எறிஞ்சுடட்டுமா? நீங்க என்ன சொன்னாலும் செய்யறேன்."

"சுக்குக்காப்பி குடிக்கணும் போல இருக்கு" என்றார் இளஞ்சாமி. "வாங்கிட்டு வாங்கக்கா."

வருஷத்துக்கு ஒருமுறை மடத்துக்கு வருபவள்தான். பந்தியில் உட்கார்வாள், சாப்பிடுவாள், போவாள். அடுப்படிப் பக்கம் போனதில்லை.

முற்றத்தில் நவநீதன் நின்றிருந்தான். வருகிறவர்களை உபசரிப்பது அவன் வேலை. நல்ல பிள்ளை. வாயைத் திறந்தால் வெண்ணெய்.

"தம்பி, சுக்குக்காப்பி இருக்குமா?"

"ஆஹா, இருக்குங்கம்மா. கருப்பட்டி போட்டு, மல்லி தட்டிப் போட்டு, இப்பத்தான் மாரப்பண்ணன் இறக்கினாரு. உக்காருங்க, வந்துடும்."

கேட்கும்போதே நாக்கில் இனித்தது. அவள் உட்கார்ந்தாள்.

ஒரு மேகம் வந்தது, போனது. இன்னொன்று வந்தது. அதற்குள் முற்றமே இல்லாமல் போய், மறுபடி வந்தது. காப்பி வரவில்லை.

அமுதவல்லி எழுந்து அடுப்படி வாசலுக்குப் போனாள்.

"அண்ணே, சாமிக்குக் காப்பி."

மாரப்பன் திரும்பவில்லை. அவர் அந்த அடுப்புக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். வாய்ப்பேச்சு அவரிடம் கிணற்றில் போட்ட கல்.

அவள் உள்ளே நுழைந்தாள். அலமாரியைத் திறந்தாள். சுக்கு டப்பாவைத் தேடி நாலு டப்பாவை இடம் மாற்றினாள்.

மாரப்பன் திட்டவில்லை. அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தார், தண்ணீர் தெளித்தார், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

வெறுங்கையோடு வந்தவளை இளஞ்சாமி பார்த்தார்.

"புகை நின்னுபோச்சே. உள்ள போனீங்களா?"

"போனேன்."

"அப்ப எல்லாருக்கும் சாப்பாடு லேட்டு." அவருக்குக் கோபமில்லை. "காப்பி?"

வெட்கமும் ஆத்திரமுமாக அவள் முற்றத்துக்குத் திரும்பினாள்.

"நவநீதா, நீ மாரப்பனைக் கேட்டியா?"

"இல்லீங்கம்மா."

"கேக்காம எப்படி இருக்குன்னு சொன்னே?"

"எப்பவும் இருக்கும்ங்க. அதோட, இல்லைன்னு சொன்னா உங்க முகம் வாடுமேன்னு."

"இல்லைன்னு சொல்லியிருந்தா நான் வேற எங்கயாவது..."

காலி ஃப்ரிட்ஜ் கண்முன் வந்து நின்றது. நவநீதன் மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

அடுப்படியில் மறுபடி புகை கிளம்பியது.

அப்போதுதான் அந்த ஜன்னல் அவள் கண்ணில் பட்டது. அடுப்படியின் பக்கச்சுவரில் சின்ன ஜன்னல், அதற்கு வெளியே ஒரு பலகை. பக்கத்தில் பாத்திரங்கள் கழுவி அடுக்கியிருந்தன.

மேகத்துக்குள்ளிருந்து ஓர் ஆள் வந்தான். மலைப்பாதை போடும் ஒடிசாக்காரன், தமிழ் ஒரு சொல் தெரியாது. தட்டு ஒன்றைப் பலகையில் வைத்தான். ஒரு கை வந்து எடுத்தது. தட்டு சோறோடு திரும்பியது. அவன் மேகத்துக்குள் போனான்.

கேரளத்து அம்மாள் ஒருத்தி வந்தாள். சொம்பு வைத்தாள். வெந்நீர் வந்தது.

ஒரு சத்தமில்லை. அமுதவல்லிக்கு அது கனவில் நடப்பது போலிருந்தது.

"தட்டுன்னா சோறுங்க, சொம்புன்னா வெந்நீர், பித்தளை டம்ளர்னா காப்பி" என்றான் நவநீதன். "கவிழ்ந்து வந்தா இல்லைன்னு அர்த்தம்."

"யாரு வெச்ச வழக்கம் இது?"

"தெரியலீங்க. இந்த மலைல எல்லா மடத்துலயும் இதேதான். ஒரு எடத்துல கத்துக்கிட்டா எங்கயும் சாப்பிடலாம்."

"மாரப்பன் ஒத்துக்கிட்டாரா?"

"அவருக்கென்னங்க, அவர் சமையலை யாரும் மாத்தச் சொல்லலையே."



அப்படியொரு பொது முறை அமுதவல்லியின் தொழிலிலும் இருந்தது. எந்த உதவியாளரும் எந்தப் பழைய புரோகிராமிடமும் எப்படிக் கேட்க வேண்டும், பதில் எப்படி வரவேண்டும் என்று பலபேர் கூடி ஒப்புக்கொண்டது. யாருடைய சொத்தும் இல்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவள்தான் படித்துவிட்டு மூடி வைத்தாள். நம்ம பழசைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்ற மிதப்பு. மெனக்கெட்டு மூன்று வழி வெட்டியது அந்த மிதப்பில்தான்.

பித்தளை டம்ளர் ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

இருட்டிலிருந்து மாரப்பனின் கை வந்தது. டம்ளர் உள்ளே போனது.

அவள் காத்திருந்தாள். மேகம் ஜன்னலை மூடியது, விலகியது.

டம்ளர் பலகைமேல் இருந்தது. கவிழ்ந்து இருந்தது.

அதை அப்படியே, நிமிர்த்தாமல், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்ச் சாமி முன்னால் வைத்தாள்.

"இல்லை, சாமி."

"சரி." இளஞ்சாமி உடனே எழுந்துவிட்டார். "வாங்க, சுனைக்குப் போவோம். தாகம் காத்திருக்காது."

சுனையில் இருவரும் கைநிறைய அள்ளிக் குடித்தார்கள். தண்ணீர் பல்லைக் கூசவைத்தது.

"பழசை இடிக்கிறதா, புதுசை எறியறதான்னு கேட்டீங்களே அக்கா."

"கேட்டேனா?" என்றாள் அமுதவல்லி.

சோற்றுக்குக்கூட நிற்காமல் மலை இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை. பழைய புரோகிராம் அதே கறுப்புத் திரையோடு, அதே பச்சை எழுத்தோடு இருந்தது. அவள் வெட்டிய மூன்று வழியையும் அவளே அடைத்திருந்தாள். அந்தப் பொது முறைப்படி எல்லா உதவியாளருக்கும் ஒரே ஜன்னல். பிரசவ வார்டில் நர்சுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

ஆம்புலன்சிலிருந்து போன் வந்தது. நிறைமாதக்காரி, ரத்தப்போக்கு, வந்துகொண்டே இருக்கிறோம் என்றார்கள்.

நர்ஸ் உதவியாளரிடம் கேட்டாள்.

"ஓ நெகட்டிவ் இருக்கா?"

அது உடனே பேசவில்லை. அந்த ஒரு கணத்தில் அறைக்குள் மேகம் வந்து நின்றது போலிருந்தது அமுதவல்லிக்கு.

"இல்லை" என்றது. "ரத்த வங்கியைக் கேட்டேன். ஒரு பையும் இல்லை."

நர்ஸ் அந்த நொடியே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அங்கே இருந்தது. ஆள் பறந்தான். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும்போது ரத்தம் முன்னால் வந்து அந்த நிறைமாதக்காரிக்காகக் காத்திருந்தது.

அதைச் சொல்ல நர்ஸ் திரும்பினாள்.

அமுதவல்லி நாற்காலியிலேயே தூங்கிப் போயிருந்தாள்.