அங்கணத்து அடைப்பு

அன்று காலை மடத்துச் சமையற்கட்டில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. பாத்திரம் கழுவும் அங்கணத்திலிருந்து ஒரு சொட்டு கூட வெளியே போகவில்லை. மதியம் மலையேறி வருபவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். அடுப்பை இன்னும் பற்றவைக்கவில்லை.

மடத்துச் சீடர் சங்கரலிங்கம் சமையல்காரி பேச்சியம்மாளிடம் கத்தினார். அவள் புருஷனை இழந்து, போன மாதம்தான் மடத்துக்கு வந்தவள்.

"சோத்தையும் சக்கையையும் அங்கணத்துல கொட்டுறது எந்த ஊருப் பழக்கம்? உன்னால மடமே நாறுது!"

அவள் கையைத் துடைத்தாள். துணிப்பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

சங்கரலிங்கம் நேராகக் குருவிடம் போனார். குரு வடிவாம்பிகை அம்மையார், அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"அம்மா, நான் மனசு சுத்தமாகணும்னு வேலையை விட்டுட்டு வந்தவன். அசுத்தம் பண்றவங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அது எப்படி நடக்கும்?"

அம்மையார் எழுந்தார். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அங்கணத்தின் மூடியைத் தூக்கினார்.

"என் கைக்கு எட்டல. உங்க கை நீளம். விடுங்க."

சங்கரலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டார். மேலாகக் கொஞ்சம் சோறு வந்தது.

"பாத்தீங்களாம்மா?"

"இன்னும் உள்ள விடுங்க."

அடுத்து கத்தையாகத் தேங்காய் நார் வந்தது. பூஜைத் தேங்காயை உரித்துக் கழுவுவது சங்கரலிங்கம்தான். அதை அவசரமாக ஓரத்தில் ஒதுக்கினார். பிறகு பூஜைப் பூக்கள் அழுகிக் கறுத்து வந்தன.

"இது நான் போட்டது" என்றார் அம்மையார்.

அதற்கும் அடியில் கல்லாக இறுகிய நெய்ப்பிசுக்கு. சங்கரலிங்கம் தோண்டித் தோண்டி எடுத்தார்.

"இது யாரு போட்டதும்மா?"

"தெரியலையே. நீங்களும் நானும் வர்றதுக்கு முந்தியே கிடந்திருக்கும்."

தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. எடுத்த கசடையெல்லாம் சங்கரலிங்கம் கூடையில் அள்ளி, வாழைக்கு அடியில் குழி வெட்டிப் புதைத்தார். திரும்பி வந்து அங்கணத்து வாயில் ஒரு பழைய சல்லடையைப் பொருத்தினார். யாரும் சொல்லவில்லை, அவராகவே செய்தார்.

பிறகு வாசலைப் பார்த்தார்.

"பஸ் வந்திருக்காதும்மா. நான் ஓடிப்போய் மன்னிப்பு கேட்டுக் கூட்டிட்டு வரேன்."

"கேளுங்க. ஆனா அதை ரெண்டாவதா கேளுங்க."

"முதல்ல?"

அம்மையார் அடுப்பின் முன் உட்கார்ந்து விறகை அடுக்கத் தொடங்கியிருந்தார்.

"அம்மா உலை வெச்சுட்டு, ரசத்துக்கு எவ்வளவு புளி கரைக்கணும்னு தெரியாம முழிக்கிறாங்கன்னு சொல்லுங்க."