காப்புக் கட்டாதவர்களுக்கான சட்டம்

குருவைவிடச் சீடருக்குப் பதினைந்து வயது கூடுதல். இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

குருவின் பெயர் உமையாள். வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களுக்காக அமெரிக்க நீதிமன்றங்களில் அரசாங்கச் செலவில் வாதாடிய வக்கீல். ஒருநாள் அந்த வேலையை விட்டார். பென்சில்வேனியா மலையடிவாரத்தில், ஒரு ஏரிக்கரையில், பழைய பண்ணை வீடொன்றை வாங்கிப் பேசாமல் உட்கார்ந்துகொண்டார். பேசாமல் உட்கார்ந்தவரைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நம்மவர்களுக்கு அது போதும். ஆசிரமம் ஆகிவிட்டது.

சீடர் சொக்கநாதன். காரைக்குடிப் பக்கத்துக்காரர். அந்த நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் அரசாங்கம், குடிமக்கள் உரிமை என்று பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அமெரிக்க அரசியல் சட்டம் அவருக்குத் தேவாரம் மாதிரி. சொல்லும்போதே குரல் இளகிவிடும்.

கோடை விடுமுறையில் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளை ஆசிரமத்துக்கு அனுப்பும். அந்த வருடம் சொக்கநாதன் குருவிடம் கேட்டார்.

"பிள்ளைங்களுக்கு அரசாங்கம்னா என்னன்னு சொல்லிக்கொடுக்கலாம்னு இருக்கேன்மா. பாடமா இல்ல, விளையாட்டா."

"விளையாட்டா ஆரம்பிச்சா சீக்கிரம் நிஜமாயிடும் சார்" என்றார் உமையாள்.

சொக்கநாதன் இதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தார். கொஞ்சம் பேரைப் பிரதிநிதிகள் சபை ஆக்கினார். கொஞ்சம் பேரை இன்னொரு சபையான செனட். ஓவியா என்ற பெண் அதிபர். மூன்று பேர் உச்ச நீதிமன்றம். அதில் பரத் தலைமை நீதிபதி. சட்டம் செய்கிறவர்கள், நடத்துகிறவர்கள், தீர்ப்பு சொல்கிறவர்கள். மூன்று கிளைகள். ஒன்று வரம்பு மீறினால் மற்றது பிடித்து நிறுத்தும். இந்த ஊரில் ராஜா கிடையாது.

இதுவரைக்கும் எல்லாம் புத்தகத்தில் உள்ளதுதான். அடுத்ததாக அவர் செய்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஊர்த் திருவிழா ஞாபகத்தில், மஞ்சள் நூலில் முடிச்சுப் போட்டு ஒவ்வொரு பிள்ளை கையிலும் காப்புக் கட்டிவிட்டார்.

"இந்தக் காப்பு அவுக்கறவரைக்கும் உங்க பதவிய யாரும் பறிக்க முடியாது" என்றார். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்.

கட்டி முடித்த பிறகுதான் அன்னமயில் ஓடி வந்தாள். ஆசிரமத்தில் சமைக்கிற பேச்சியம்மாளின் மகள். வெங்காயம் உரித்துவிட்டு வர நேரமாகிவிட்டது. கையை நீட்டினாள்.

"காப்புக் கட்டினப்புறம் புதுசா ஆள் சேக்கறது வழக்கமில்லயே கண்ணு" என்றார் சொக்கநாதன். நூல் மிச்சம் இருந்தது. ஆனால் வழக்கம் வழக்கம்தானே.

நீட்டிய கை அப்படியே நின்றது. அவருக்கு மனது கேட்கவில்லை. சட்டென்று ஒன்று தோன்றியது.

"நீதான் மக்கள்!" என்றார். "இந்த நாட்டு அரசியல் சட்டமே 'மக்களாகிய நாங்கள்'னுதான் ஆரம்பிக்குது. இவங்க எல்லாரையும்விட நீதான் பெரியவ."

"மக்களுக்கு என்ன வேலை சார்?"

"உனக்கு ஒரு வேலையும் இல்ல. இவங்க எல்லாரும் உனக்காக வேலை செய்வாங்க."

அன்னமயில் நம்பினாள். சொக்கநாதனும் நம்பினார். அதுதான் வேதனை.

பிள்ளைகள் பாதி இங்கிலீஷில் பேசி, பாதி தமிழில் பேசி அரசாங்கம் நடத்தினார்கள். சாப்பிட்ட தட்டை யார் கழுவுவது என்று முதல் சட்டம் வந்தது. சபைகளுக்குக் கூட்டம் இருந்தது, அதிபருக்கு ஆலோசனை இருந்தது, நீதிபதிகளுக்கு வழக்கு இருந்தது. மக்கள்தான் சும்மா இருந்தாள். மக்கள் கழுவினாள்.

அவள் முணுமுணுக்கவில்லை. அவள் மனதெல்லாம் ஏரியில் இருந்தது. ஏரி நடுவே ஒரு தீவு. அதன் மணல் திட்டில் ஆமைகள் ஏறி வெயில் காயும். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். கடைசி நாளன்று எல்லோரையும் படகில் அங்கே கூட்டிப்போவதாகச் சொக்கநாதன் சொல்லியிருந்தார். அதற்கு மறுநாள் அவளும் அம்மாவும் ஊருக்குத் திரும்புகிறார்கள். விசா முடிகிறது. அடுத்த கோடை என்று ஒன்று அவளுக்குக் கிடையாது.

கடைசி நாள் நெருங்கியபோது பார்த்தால் லைஃப் ஜாக்கெட் ஒன்று குறைந்தது. ஜாக்கெட் இல்லாமல் படகில் ஏறக் கூடாது. படகு பக்கத்துப் பண்ணைக்காரருடையது; ஒரு நடைக்குத்தான் இரவல். ஆக, ஒரு ஆள் கரையில் நிற்க வேண்டும்.

"இதுக்குத்தானே அரசாங்கம் இருக்கு! நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார் சொக்கநாதன்.

சீட்டுக் குலுக்கலாம் என்றான் ஒரு சின்னப் பையன். குலுக்கினால் சீட்டு தன் பேருக்கும் வரலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த யோசனை தோற்றது. செனட்டில் இருந்த நிகில் வேறொன்று கொண்டுவந்தான். காப்புக் கட்டாதவர்கள் படகில் ஏறக் கூடாது. அவ்வளவுதான் சட்டம், ஒரே வரி.

இரண்டு சபையிலும் நிறைவேறியது. அதிபர் ஓவியா கையெழுத்துப் போட மறுத்தாள். "பாவம்ப்பா அவ" என்று திருப்பி அனுப்பினாள். இரண்டு சபைகளும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்குப் போட்டு, அதிபர் மறுத்ததையும் தாண்டி அதைச் சட்டம் ஆக்கின. எல்லாம் சொக்கநாதன் சொல்லிக்கொடுத்த முறைப்படி.

அன்னமயில் நீதிமன்றத்துக்குப் போனாள். வேப்பமரத்தடி எல்லாம் இல்லை. வாகனம் நிறுத்துமிடத்தில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி.

"நான் ஒருத்திதான் காப்புக் கட்டல. அப்ப இது எனக்காகவே போட்ட சட்டம்தானே?" என்றாள்.

நீதிபதிகள் கூடிப் பேசினார்கள். பரத் தீர்ப்பு சொன்னான்.

"ஒருத்தர் பேரைச் சொல்லித் தண்டிக்கிற சட்டம் போடக் கூடாது. சார் சொல்லிருக்காங்க. ஆனா இதுல உன் பேரு எங்கயும் இல்லையே. காப்பு இல்லாத எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். எல்லாருக்கும் சமம். சட்டம் செல்லும்."

சொக்கநாதன் கை தட்டிவிட்டார். பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு நுணுக்கமா! தட்டிய பிறகுதான் அன்னமயிலின் முகம் கண்ணில் பட்டது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். இங்கே கோயிலும் இல்லை, ஆண்டி மட்டும் மிச்சம்.

நேரே குருவிடம் போனார். உமையாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சொக்கநாதன் நடந்ததைச் சொன்னார்.

"இதுல யாரு முறை தவறினாங்க?" என்றார் உமையாள்.

"யாரும் தவறலம்மா. எல்லாம் முறைப்படிதான்."

"அப்புறம் என்ன?"

"அநியாயமாச்சே! நீங்க இந்த ஆசிரமத்துக்குத் தலைவி. செல்லாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"ராஜா கிடையாதுன்னு இத்தனை நாளா சொல்லிக்கொடுத்தீங்க. இப்ப ராஜாவத் தேடிட்டு வந்திருக்கீங்க."

உமையாள் ஒரு சேலையை உதறிக் கொடியில் போட்டார்.

"ஒரு பொம்பளைக்கு வாதாடினேன். லைசென்ஸ் ரத்தானது தெரியாம வேலைக்குக் கார் ஓட்டிருக்கா. பிடிச்ச போலீஸ்காரர் சொன்னார், பாவம்தான், ஆனா பிடிக்கறது என் வேலைன்னு. ஜட்ஜ் நிஜமாவே வருத்தப்பட்டார். சட்டம் இப்படி இருக்கு, என் கையில இல்லன்னார். சட்டம் போட்டவருக்கு ஃபோன் பண்ணினேன். ரொம்ப மரியாதையாப் பேசினார். நாங்க எழுதறதோட சரி, நடத்தறது நாங்க இல்லன்னார். உள்ள கூட்டிட்டுப் போறப்ப அவ என்னைக் கேட்டா. இவங்க எல்லாரும் நல்லவங்களாத்தான் இருக்காங்க, அப்ப என்னை உள்ள போடறது யாருன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அடுத்த கேஸைக் கூப்பிட்டாங்க. போயிட்டேன்."

சொக்கநாதன் காரை எடுத்துக்கொண்டு தூரத்து ஊருக்குப் போய் ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கி வந்தார். ஆரஞ்சு நிறம், சின்ன அளவு. பிரச்சினை தீர்ந்தது என்று மனிதருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"இப்ப ஜாக்கெட் குறையல. சட்டத்த எடுத்துரலாமே?" என்று நிகிலிடம் கேட்டார்.

"சட்டத்துல ஜாக்கெட்டுங்கற வார்த்தையே இல்லையே சார்."

"அதான் கூடி மாத்துங்கன்னு சொல்றேன்."

"சபை முடிஞ்சு போச்சு சார். இனி அடுத்த கோடைக்குத்தான்."

இந்தப் பதிலை அவன் எங்கே கற்றான் என்று எனக்குத் தெரியாது. சொக்கநாதன் அந்தப் பாடம் இன்னும் நடத்தியிருக்கவில்லை.

கடைசி நாள் வந்தது. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோர் ஏரிக்கரையில் ஃபோனும் கையுமாக நின்றார்கள். பிள்ளைகள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படகில் ஏறினார்கள். புது ஜாக்கெட் கரையில் கிடந்தது. அதன் பக்கத்தில் அன்னமயில். சொக்கநாதன் துடுப்பை எடுத்துக்கொண்டு ஒரு காலைப் படகில் வைத்தார்.

"சார், கையக் காட்டுங்க" என்றது ஒரு குரல். உமையாள் வந்திருந்தார்.

சொக்கநாதன் கையைக் காட்டினார். வெறுங்கை.

"இவருக்கும் காப்பு இல்லையே?" என்றார் உமையாள் பிள்ளைகளைப் பார்த்து.

துடுப்புப் போட ஆள் இல்லாவிட்டால் படகு எப்படிப் போகும்? எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முடிந்துபோன சபை படகிலேயே கூடியது. செனட் கை தூக்கியது, பிரதிநிதிகள் சபை கை தூக்கியது. துடுப்புப் போடுகிறவருக்கு மட்டும் இப்போது காப்புக் கட்டலாம். ஓவியா சரி என்றாள். பரத் தலையாட்டினான். ஒருவன் ஓடிப்போய் மிச்ச நூலைக் கொண்டுவந்தான். மூச்சு விடும் நேரத்தில் சொக்கநாதன் கையில் காப்பு ஏறிவிட்டது. பெற்றோர் கை தட்டினார்கள். என்ன கெட்டிக்காரப் பிள்ளைகள்!

"அப்ப காப்பு இப்பவும் கட்டலாமா சார்?" என்று கேட்டாள் அன்னமயில்.

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். முதல் நாள் நீட்டிய மாதிரியே கையை நீட்டியிருந்தாள்.

சொக்கநாதன் அவளைப் பார்த்தார். படகைப் பார்த்தார். "சார், நேரமாகுது" என்றார் ஒரு அப்பா. "சார், இங்க பாருங்க, ஒரு ஃபோட்டோ" என்றார் ஒரு அம்மா.

"வந்து சொல்றேன்மா" என்றார் சொக்கநாதன்.

படகு போயிற்று.

தீவில் பிள்ளைகள் கூச்சலிட்டதில் ஆமைகள் தண்ணீரில் குதித்துவிட்டன. ஒன்றிரண்டைத்தான் பார்க்க முடிந்தது. திரும்பி வந்தபோது அன்னமயில் அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து அதைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள்.

"ஆமை இருந்துச்சா சார்?"

"இருந்துச்சு."

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். அவர் வந்து சொல்கிறேன் என்றதை அவள் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

கார்கள் எல்லாம் போன பிறகு சொக்கநாதன் குருவின் எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஒரு பிள்ளைகூட, அவளுக்கும் கட்டலாம்னு சொல்லலியேம்மா."

"சொல்லலதான்."

"நீங்களும் கரையில பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க?"

"ஆமா. நின்னேன்."

சொக்கநாதன் எதிர்பார்த்தது வேறு. உமையாள் ஏதாவது விளக்கம் சொல்வார் என்று காத்திருந்தார்.

"முப்பது வருஷமா இதத்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றார் சொக்கநாதன். "எங்க தப்பாப் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. சட்டம் போட்ட சபையிலயா? மறுத்துட்டு அப்புறம் சும்மா இருந்த அதிபர்கிட்டயா? செல்லும்னு சொன்ன கோர்ட்லயா? மூணுல எது?"

உமையாள் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"துடுப்புப் போட்டது யாரு சார்?"