பெயர் இருந்த இடம்

தீர்ப்புச் சொல்லும் அவசரத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள். இது அவ்வளவு சுலபமான வழக்கு இல்லை.

வேலங்கரை என்ற நாட்டைத் தளபதி ஒருவன் கைப்பற்றினான். அவனைக் கேலி செய்து எழுதிய கயற்கண்ணியும் அவள் தம்பி பரிதியும் நாட்டைவிட்டே துரத்தப்பட்டார்கள். கயற்கண்ணி நேசித்தது குழலி என்ற பெண்ணை. பரிதி நேசித்தது நன்மாறன் என்ற ஆணை. இப்படிப்பட்டவர்களே தன் நாட்டில் கிடையாது என்று தளபதி தினமும் வானொலியில் முழங்கினான். இல்லாதவர்களைப் பிடித்துப்போட எதற்கு ஒரு சட்டம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அக்கா தம்பிக்குள் சின்ன வயதிலிருந்தே ஓர் ஒப்பந்தம். ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பார். சிவப்புப் பென்சிலால் எதை அடித்தாலும் அது அச்சுக்குப் போகக் கூடாது.

அயல்நாட்டில் பரிதி தன் காதலைப் புத்தகமாக எழுதத் தொடங்கினான். ஊரிலேயே தங்கிவிட்ட நன்மாறன் ஒரு மாலுமியிடம் சொல்லி அனுப்பினான்: "என் பேரைப் போட்டே எழுது. ரெண்டு வருஷம் ஜெயில்தானே, இருந்துட்டு வர்றேன்." பரிதியும் சரி என்று வாக்குக் கொடுத்தனுப்பினான்.

புத்தகம் முடிவதற்குள் சட்டம் மாறியது. சிறைக்குப் பதில் தூக்கு. துறைமுகத்தையும் மூடிவிட்டதால் மறுபடி கேட்க வழியில்லை. கயற்கண்ணி அந்தப் பெயரைச் சிவப்பால் அடித்தாள். முன்பு அவளுடைய கவிதையில் பெயர் வந்ததால்தான் குழலியைப் பிடித்துப்போனார்கள். குழலி திரும்பவே இல்லை.

"அக்கா, வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அவன் உயிரோட இருக்கணும்டா. அப்புறம் வாக்கு."

பரிதி அவள் அடித்ததை மீறவில்லை. ஆனால் பெயர் இருந்த இடத்தை மூடாமல் வெறுமையாகவே விடும்படி அச்சகத்தில் சொன்னான்.

ஓராண்டு கழித்துத் துறைமுகம் திறந்தது. முதல் கப்பலில் ஒளித்துக் கொண்டுபோன பிரதி நன்மாறன் கைக்குக் கிடைத்தது. புதிய சட்டம் அவனுக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் அந்த வெற்றிடத்தில் தன் பெயரைப் பேனாவால் எழுதி, எல்லோரும் படிக்கட்டும் என்று ஊர் நூலகத்து அலமாரியில் வைத்தான். பத்தாம் நாள் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

பெயரை அடித்த அக்கா, இடம் விட்ட தம்பி, எழுதி வைத்த நன்மாறன். இதில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால் தம்பி. நன்மாறன் சம்மதித்தது இரண்டு வருஷச் சிறைக்கு, தூக்குக்கு அல்ல. பழைய வாக்கைப் பிடித்துக்கொண்டு பெயரை அச்சடித்திருந்தால், அவன் உயிரைப் பரிதி பணயம் வைத்ததாகியிருக்கும். இடமே இல்லாமல் மூடியிருந்தால், அவனுக்காக அக்கா முடிவெடுத்ததாகியிருக்கும். உயிர் யாருடையதோ முடிவும் அவனுடையது. அதற்கு இடம் விட்டவன் பரிதி. நன்மாறன் செய்ததை எடைபோட நாம் யார்? அக்காவைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் பதிப்புக்கு அவளே உட்கார்ந்து அந்தப் பெயரை எழுதிச் சேர்த்தாள், அதே சிவப்புப் பென்சிலால்.